எட்டு என்பது அ

மாரிவிக் என் தலைமேல் பிடிக்கிற சுருளுக்கு
எட்டு வடிவம்.
தமிழில் எட்டை எழுதினால் அ வரும் என்றேன்.
அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
காதில் விழவில்லை.
இப்போதெல்லாம் யார் காதிலும் விழுவதில்லை.

பெயர் குழல்வாய்மொழி.
குற்றாலத்து அம்மன் பெயர்.
படிவத்தில் கட்டம் போதாமல் "குழல்வாய்" வரைக்கும்தான் ஏறியிருக்கிறது.
மொழி வெளியே நிற்கிறது.

இருபத்திரண்டு வருஷம் எட்மன்டனில்
மஞ்சள் பஸ் ஓட்டினேன்.
கண்ணாடியைப் பார்த்து ஒரே ஒரு "சிட் டவுன்".
நாற்பத்தெட்டுப் பிள்ளைகளும்
பின்சீட்டு ரௌடிகள் உட்பட
பொத்தென்று உட்காரும்.

"சத்தமாச் சொல்லு" என்கிறார் தாணு.
கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்,
உமக்குத்தான் காது அவிஞ்சு போச்சு என்றேன்.
அதுவும் கேட்கவில்லை அவருக்கு.
போய்ச் சோதித்துவிட்டு வந்தார்.
காதில் குறையே இல்லையாம்.
அதை ஒரு துக்கச் செய்தி போலச் சொன்னார்.
முப்பத்தோரு வருஷத்துச் சண்டை
அன்றிலிருந்து ஆளில்லாமல் கிடக்கிறது.

காலும் அப்படித்தான். நடு அறையில் நடக்கும்.
வாசல் வந்தால் நின்றுவிடும்.
லிஃப்ட் கதவு மூடப் போய்
என்னைப் பார்த்துத் திறந்து
மறுபடி மூடப் போய்
உள்ளே இருப்பவர்கள் மேலே எண்களைப் பார்ப்பார்கள்.
தண்டவாளம் வந்தால் பஸ்ஸை நிறுத்தி
கதவைத் திறந்து இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்,
ரயிலே இல்லாவிட்டாலும்.
எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது.
ஓய்வு பெற்ற பிறகும் என் கால் அதை விடவில்லை.

மூக்குத்தியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன்.
காதுக்குப் பஞ்சுக் குமிழ்.
டக். டக். டக்.
பட்டுப்போன பாப்ளர் மரத்தில் மரங்கொத்தி.
கத்தியில்லை, துளையில்லை,
மண்டை ஓட்டுக்குள் காந்தம் மட்டும் போகிறது என்றார்கள்.
முதல் நாள் இடம் தேடியபோது
என் கட்டைவிரல் என்னைக் கேட்காமல் துள்ளியது.
அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்,
வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல.

பத்து நாள்.
பாதிப் பேருக்கு நிஜக் காந்தம்,
பாதிப் பேருக்கு வெறும் சத்தம்.
யாருக்கு எது என்று கணினிக்குத்தான் தெரியும்.
எனக்குத் தெரியாது, மாரிவிக்குக்கும் தெரியாது.
ஒவ்வொரு நாளும் முடிவில்
மூச்சு உள்ளவரைக்கும் "ஆ" சொல்லச் சொல்வார்கள்.
ஒரு கருவி அதை எண்ணாக எழுதிக்கொள்ளும்.
ஐந்து வயதில் அரிசியில் எழுதிய எழுத்துக்குத் தம்பி.
இப்போது மார்க் போடுகிறார்கள்.

ஒன்பதாம் நாள் வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கைப்பிடியைத் தொட்டதும் சுளீரென்று பொறி,
இந்த ஊர்க் குளிரின் இலவச மின்சாரம்.
"சனியனே!" என்றேன் கதவை.
கீழே பேஸ்மெண்டில் துணி மடித்துக்கொண்டிருந்த தாணு
"யாரை?" என்றார்.

இரண்டு பேரும் அப்படியே நின்றோம்,
அவர் படிக்குக் கீழே, நான் வாசலில்.
பிறகு பார்த்தால் நான் வாசலுக்கு உள்ளே இருக்கிறேன்.
எப்போது தாண்டினேன் என்று தெரியவில்லை.

அன்று இரவு ரசத்தில் உப்பு பற்றிச் சண்டை.
நல்ல சண்டை.
அவர் தோற்றார், அல்லது அப்படி நடித்தார்.

மூன்று வாரத்தில் குரல் மறுபடி இறங்கிவிட்டது.
பழைய இடத்துக்கு இல்லை,
அதற்கு முந்தின ஸ்டாப்பில் நிற்கிறது.
எனக்குக் கிடைத்தது காந்தமா, சத்தமா
என்பதை அடுத்த இலையுதிர் காலத்தில் சொல்வார்களாம்.

தாணு நாள்காட்டியில் வட்டம் போட்டிருக்கிறார்.
நான் லிஃப்ட் முன்னால் நின்று
இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.
ரயில் இல்லை.
ஆ, என்கிறேன்.
உள்ளே ஒரு சின்னப் பையன் திரும்பிப் பார்த்து
பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறான்.